தைமஸா, ட்ரெக்கா: எது பழுதானால் ஆபத்து அதிகம்?

தன்னுடல் தாக்கு நோய் என்றதும் "எதிர்ப்பு சக்தி ஓவராகிவிட்டது" என்று சொல்லி முடித்துவிடுகிறார்கள். அது போதாது. சொந்த உடம்பையே தாக்கக்கூடிய டி செல்கள் (நோய் எதிர்ப்புக்கான ஒருவகை வெள்ளை அணுக்கள்) நம் எல்லோருக்கும் உருவாகத்தான் செய்கின்றன. அவற்றைத் தடுக்க உடம்பில் இரண்டு ஏற்பாடுகள் இருக்கின்றன, எது பழுதாகிறது என்பதைப் பொறுத்து நோயே வேறாகிவிடுகிறது.

ஒன்று, மார்பெலும்புக்குப் பின்னால் இருக்கும் தைமஸ் சுரப்பி. அங்கே ஐரே என்ற மரபணு இன்சுலின் மாதிரி வேறு உறுப்புகளுக்கு உரிய புரதங்களையும் கொஞ்சம் தயாரிக்க வைத்து, வளர்ந்துவரும் டி செல்களுக்குக் காட்டும். அந்தப் புரதங்களோடு பலமாக ஒட்டிக்கொள்ளும் செல்களில் பெரும்பாலானவை அங்கேயே செத்துவிடும். ஐரே பழுதானால் ஏபெசெட் என்ற நோய். பூஞ்சைத் தொற்று, பாராதைராய்டு சுரப்பியின் பழுது, அட்ரினல் சுரப்பியின் பழுது என்று வருடக்கணக்கில் ஒவ்வொன்றாக வரும். பின்லாந்திலும் சார்டினியாவிலும் இது அதிகம்.

இன்னொன்று ட்ரெக், அதாவது தைமஸில் சிக்காமல் வெளியே வந்துவிட்டவற்றை அடக்கிவைக்கும் டி செல்கள். இவற்றை 1995இல் அடையாளம் காட்டியவர் ஷிமோன் சாகாகுச்சி. 2001இல் மேரி பிரன்கோவும் ஃப்ரெட் ராம்ஸ்டெலும் ஒரு நோயாளி எலி இனத்தில் ஃபாக்ஸ்பி3 மரபணுவின் பழுதைக் கண்டுபிடித்தார்கள்; ஐபெக்ஸ் நோய் வந்த குழந்தைகளிடமும் அதே மரபணுதான் கெட்டிருந்தது. ட்ரெக் உருவாக அந்த மரபணு வேண்டும் என்பது அப்புறம் தெரிந்தது. மூவருக்கும் 2025 மருத்துவ நோபல். ஐபெக்ஸ் எக்ஸ் குரோமோசோமில் வருவதால் ஆண் குழந்தைகளைத்தான் தாக்கும்: பிறந்த சில மாதங்களிலேயே கடும் வயிற்றுப்போக்கு, தோல் அழற்சி, டைப் 1 சர்க்கரை எல்லாம் சேர்ந்து வரும், ஸ்டெம் செல் மாற்று சிகிச்சை இல்லாவிட்டால் பலர் பிழைப்பதில்லை.

என்னைக் கேட்டால் ட்ரெக் பழுதுதான் பயங்கரம். குழந்தைகள் படும் பாட்டை வைத்து மட்டும் சொல்லவில்லை. வளர்ந்த எலியில் ஐரேயை நிறுத்தினால் பெரிதாக ஒன்றும் ஆவதில்லை, ட்ரெக்கை நீக்கினாலோ சில வாரங்களில் செத்துவிடுகிறது. தைமஸின் முக்கிய வேலை பிறந்த புதிதில், ட்ரெக்கின் வேலை ஆயுள் முழுக்க.

சரி, இரண்டும் ஒட்டே இல்லாதவையா? இல்லை. பிறந்த புதிதில் ட்ரெக் செல்கள் உருவாகவே ஐரே உதவுகிறது. சாதாரண டைப் 1 சர்க்கரையில் இரண்டின் தடயமும் இருக்கிறது: தைமஸில் இன்சுலின் எவ்வளவு தயாராகிறது என்பதை மாற்றும் மரபணு வேறுபாடும் ஆபத்தைக் கூட்டும், ட்ரெக் பிழைக்கத் தேவையான ஐஎல்-2 என்ற சமிக்ஞைப் புரதத்தைப் பிடித்துக்கொள்ளும் ஏற்பியில் உள்ள வேறுபாடும் கூட்டும். தைமஸில் நழுவிப்போன வடிகட்டலைத் திரும்பச் செய்ய இன்று வழியில்லை. ஆனால் குறைந்த அளவு ஐஎல்-2 கொடுத்து ட்ரெக்கைப் பெருக்கும் சிகிச்சையை மனிதர்களிடமே சோதித்து வருகிறார்கள்.