எல்லை தாண்டும் பணம்: பிரிட்டன், சீனா, இந்தியா

அன்னியச் செலாவணிச் சட்டங்களை ஒப்பிடச் சொன்னால் ஒருவர் வெளிநாட்டுக்கு எவ்வளவு பணம் அனுப்பலாம் என்ற உச்சவரம்பைத்தான் எல்லோரும் முதலில் பார்ப்பார்கள். என்னைக் கேட்டால் அது இரண்டாம்பட்சம். பணம் எதற்குப் போகிறது என்பதில் சட்டம் எவ்வளவு மூக்கை நுழைக்கிறது என்று பார்க்க வேண்டும்.

பிரிட்டனில் வரம்பே கிடையாது. 1966இல் வெளிநாட்டுச் சுற்றுலாவுக்கு 50 பவுண்டுக்கு மேல் கிடையாது என்று கறாராக இருந்த நாடு, 1979இல் கட்டுப்பாடுகளை அடியோடு நீக்கியது. இப்போது வங்கி குடைவது பெரும்பாலும் பணம் எங்கிருந்து வந்தது என்றுதான்.

இந்தியாவும் சீனாவும் இன்னும் கதவைப் பாதிதான் திறந்திருக்கின்றன. வணிகம், பயணம், படிப்பு போன்ற நடப்புக் கணக்குச் செலவுகளுக்குத் தடை போடுவதில்லை என்று இந்தியா 1994இலும் சீனா 1996இலும் சர்வதேச நாணய நிதியத்திடம் ஒப்புக்கொண்டன. வீடு, பங்கு போன்ற முதலீடுகள் அடங்கிய மூலதனக் கணக்கில் இரண்டுமே கெடுபிடி. சீனாவில் ஆளுக்கு ஆண்டுக்கு 50,000 டாலர்வரை வாங்கலாம். இந்தியாவில் ஆளுக்கு நிதியாண்டுக்கு 2,50,000 டாலர்வரை அனுப்பலாம். ஐந்து மடங்குதானே என்று நினைக்க வேண்டாம். இந்தியர் அந்தப் பணத்தில் வெளிநாட்டில் வீடு வாங்கலாம், பங்கு வாங்கலாம். குடும்பத்தினர் அவரவர் வரம்பைச் சேர்த்துக் கூட்டாகவும் வாங்கலாம். சீனரோ வீடு, பங்கு வாங்க மாட்டேன் என்று எழுதிக் கொடுத்தால்தான் டாலர் கிடைக்கும். அடுத்தவர் ஒதுக்கீட்டை இரவல் வாங்கினாலும் விதிமீறல்.

இந்தியச் சட்டத்தின் சூட்சுமம், வெளிநாட்டுக்குப் பணம் அனுப்ப வங்கியில் நிரப்பும் ஏ2 படிவத்தில் இருக்கிறது. அதில் பணம் எதற்குப் போகிறது என்று குறிக்க நோக்கக் குறியீடு என்று ஒரு கட்டம் உண்டு. உறவினர் பராமரிப்பு என்று குறித்துவிட்டு, அந்தப் பணத்தை வெளிநாட்டு ஃபாரெக்ஸ் (நாணய மாற்று) வர்த்தகச் செயலியில் போட்டால், தொகை ஆயிரம் டாலரானாலும் மீறல்தான். மாறாக, மருத்துவமனையோ பல்கலைக்கழகமோ கொடுத்த செலவு மதிப்பீடு கையில் இருந்தால் 2,50,000ஐத் தாண்டியும் அனுப்பலாம்.

1973ஆம் ஆண்டின் அன்னியச் செலாவணி ஒழுங்குமுறைச் சட்டமான ஃபெரா இருந்தவரை மீறினால் குற்ற வழக்கு, சிறை. அதற்குப் பதிலாக 2000 ஜூனில் நடைமுறைக்கு வந்த அன்னியச் செலாவணி மேலாண்மைச் சட்டமான ஃபெமா அதைச் சம்பந்தப்பட்ட தொகையின் மூன்று மடங்குவரை அபராதம் என்று தளர்த்தியது. ஆனாலும் எல்லாம் சரியாகச் செய்து முதலீட்டுக்கு அனுப்புகிறவருக்கும் ஒரு இடி உண்டு: ஆண்டுக்கு 10 லட்சம் ரூபாய்க்கு மேல் போனால் அந்த மிகுதித் தொகைக்கு 20 சதவீதத்தை வங்கி முன்கூட்டியே வரியாக வசூலித்துவிடும். வருமான வரிக் கணக்கில் கழித்துக்கொள்ளலாம். அதுவரை பணம் முடங்கிக் கிடக்கும்.