கிலோ 480 ரூபாய்க்குக் குழந்தைத் துணி: பணம் அனுப்பும் முன் இதைப் படியுங்கள்

"திருப்பூர் எக்ஸ்போர்ட் சர்ப்ளஸ், குழந்தைகள் துணி, கிலோ 480 ரூபாய், கிலோவுக்குப் பத்து பீஸ் கேரண்டி." ஏற்றுமதியில் மிஞ்சிய துணி என்று சொல்லி வாட்ஸ்அப் குரூப்பில் இப்படி ஒரு விளம்பரம் வந்தால், தயவுசெய்து உடனே பணம் அனுப்பிவிடாதீர்கள். நானும் என்னை நம்பிய இரண்டு குடும்பங்களும் சேர்ந்து 7,600 ரூபாய் கொடுத்தோம். அதில் வந்தபடியே பிள்ளைகளுக்குப் போட முடிந்தது 34 உருப்படிதான்.

எனக்கு இரண்டு பையன்கள், ஏழு வயதும் நான்கு வயதும். வளரும் பிள்ளைகளுக்கு ஆறு மாதத்துக்கு ஒரு தடவை எல்லாமே சின்னதாகிவிடும். பெரியவன் சட்டையைச் சின்னவனுக்குப் போடுவேன், கால்சட்டையை ஒரு சைஸ் பெரிதாக வாங்கி மடித்துத் தைப்பேன். அப்படியும் தீபாவளி, பள்ளி திறப்பு என்று வந்தால் கையைக் கடிக்கும். அந்த நேரத்தில்தான் இந்த விளம்பரம் கண்ணில் பட்டது.

நான் கண்ணை மூடிக்கொண்டு வாங்கவில்லை. முதலில் ஒரே ஒரு கிலோ கேட்டேன். கூரியரோடு 560 ரூபாய். நான்காவது நாள் பார்சல் வந்தது. பதினோரு உருப்படி, அத்தனையும் முத்து. நீல நிறத்தில் டைனோசர் போட்ட பனியன் ஒன்று, தொட்டாலே பருத்தி என்று தெரியும். இன்னும் என் சின்னவன் அதைத்தான் தேடி எடுத்துப் போடுகிறான். ஒரு உருப்படி 51 ரூபாய்கூட ஆகவில்லை. விற்ற பெண், "சிஸ்டர், ஒரு வாய்ஸ் நோட்டில் எப்படி இருந்தது என்று சொல்லுங்களேன்" என்று கேட்டார். மனம் நிறைந்து ஒரு நிமிடம் பேசி அனுப்பினேன்.

அடுத்த வாரமே, "புது லாட் வந்திருக்கிறது, பதினைந்து கிலோ எடுத்தால்தான் இந்த விலை" என்று செய்தி. என் அண்ணியும் எதிர்வீட்டு அக்காவும் முதல் பார்சலைக் கையில் எடுத்துப் பார்த்தவர்கள், உடனே சரி என்றார்கள். ஆளுக்கு ஐந்து கிலோ. துணிக்கு 7,200, கூரியருக்கு 400. பணம் போன கணக்கில் இருந்தது வேறு ஒரு ஆணின் பெயர். கேட்டதற்கு, வீட்டுக்காரர் கணக்கு என்றார். அங்கேயே நான் நின்று யோசித்திருக்க வேண்டும்.

மூட்டை வந்தபோது வீடியோ எடுத்துக்கொண்டேதான் பிரித்தேன். மளிகைக்கடைத் தராசில் வைத்தால் 13 கிலோ 800 கிராம். எண்ணினால் 118 உருப்படி. 22 பெரியவர்கள் போடும் சைஸ். 31 உருப்படியில் ஓட்டை, எண்ணெய்க் கறை, அக்குளில் தையல் பிரிந்தது, ஒரு கை நீளம் ஒரு கை குட்டை. 17 உருப்படி தலைமூடி (ஹூட்) வைத்த பனியன், கழுத்தில் இழுத்துக் கட்டும் கயிறு தொங்கியது. மீதி 48ஐத் துவைத்ததில் 14 சாயம் விட்டது. ஒரு சிவப்புச் சட்டையை வாளியில் முக்கி ஐந்து நிமிடம்கூட ஆகவில்லை, தண்ணீர் பீட்ரூட் சாறு மாதிரி ஆகிவிட்டது. கூட ஊறிய வெள்ளை யூனிஃபார்மும் போச்சு. 34 உருப்படிக்கு 7,600 என்றால் ஒன்று 223 ரூபாய். அந்தக் காசுக்கு எங்கள் ஊர்க் கடையிலேயே பார்த்துத் தேர்ந்தெடுத்து வாங்கியிருக்கலாம்.

அந்தக் கயிறு விஷயத்தைக் கொஞ்சம் விரிவாகச் சொல்ல வேண்டும். அந்தப் பெண் இதை ஐரோப்பாவுக்குப் போகும் சரக்கு என்று சொல்லித்தான் விற்றார். ஐரோப்பாவில் ஏழு வயதுக்கு உட்பட்ட குழந்தைகளின் துணிக்கு ஒரு பாதுகாப்புத் தரம் இருக்கிறது, இஎன் 14682 என்று பெயர். தலைமூடியிலும் கழுத்துப் பக்கத்திலும் இழுகயிறு இருக்கவே கூடாது என்கிறது அது. சறுக்குமரத்திலோ கதவிலோ கயிறு மாட்டினால் குழந்தையின் கழுத்தை இறுக்கிவிடும். நான்கு வயதுச் சைஸில் கழுத்துக் கயிறோடு தைத்த துணியை அந்த நாடுகளுக்கென்று யாரும் தைத்திருக்க மாட்டார்கள். பதினேழு கயிற்றையும் அன்றைக்கே உருவி எறிந்தேன். உங்கள் வீட்டிலும் இருந்தால் உருவிவிடுங்கள்.

அடுத்தது துணி. எல்லாவற்றிலும் '100% காட்டன்' என்று புத்தம்புது லேபிள். சின்னவனுக்கு இரண்டு நாளில் கழுத்தைச் சுற்றி வேர்க்குரு. சந்தேகப்பட்டு, தையல் ஓரத்தில் துணியைக் கொஞ்சம் கத்தரித்து, இடுக்கியில் பிடித்து அடுப்பில் காட்டினேன். பருத்தி என்றால் காகிதம் எரியும் வாசனை வரும், விரலில் நசுக்கினால் சாம்பல் பொடியாகும். இது சுருண்டு உருகி, கருப்பு மணி மாதிரி கெட்டியாக நின்றது. பாலியஸ்டர். பழைய டைனோசர் பனியனிலும் ஒரு நூல் எடுத்து எரித்துப் பார்த்தேன், அது சாம்பலானது.

உண்மையான சர்ப்ளஸ் இல்லாமல் இல்லை. வெளிநாட்டு ஆர்டருக்குச் சேதாரம் போகும் என்று கணக்குப் பண்ணிக் கொஞ்சம் கூடுதலாகத் தைப்பார்கள். மிஞ்சுவதும், ரத்தான ஆர்டரும் உள்ளூர்ச் சந்தைக்கு வரும். செக்கிங்கில் கழித்ததற்கு செகண்ட்ஸ் என்று பெயர், அதன் விலையே வேறு. மூட்டைக்குள் கட்டிவிட்டால் இரண்டும் ஒன்றாகத் தெரியும். கிலோ கணக்கில் விற்பதில் இருக்கும் சூட்சுமம் அதுதான்.

விற்ற பெண்ணிடம் வீடியோவோடு முறையிட்டேன். "சர்ப்ளஸ்னா அப்படித்தான் இருக்கும் சிஸ்டர், கிலோவில் வாங்கிவிட்டு பீஸ் பார்க்கக் கூடாது" என்று பதில் வந்தது. கயிறைப் பற்றியும் லேபிளைப் பற்றியும் எழுதினேன். என் நம்பரை பிளாக் செய்துவிட்டார்.

நுகர்வோர் உதவி எண் 1915இல் புகார் பதிவு செய்தேன். 2019ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டப்படி, குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பது முறையற்ற வணிகம். பில்லில் கெடு போடவில்லை என்றால் 30 நாள் கணக்கு. மாவட்ட நுகர்வோர் ஆணையத்தில் ஐந்து லட்சம் ரூபாய் வரைக்கும் கொடுத்து வாங்கிய பொருள் என்றால் புகாருக்குக் கட்டணமும் கிடையாது. ஆனால் யார் மேல் போடுவது? எனக்கு வந்த பில்லில் கடைப் பெயரும் போன் நம்பரும்தான், முகவரி இல்லை, ஜிஎஸ்டி எண் இல்லை. என் புகார் அங்கேயே நிற்கிறது. பணம் வாங்கிக்கொண்டு பார்சலே அனுப்பாமல் விட்டால் சைபர் குற்ற உதவி எண் 1930க்கு அடியுங்கள், அதுவும் உடனே. நேரம் கடந்தால் பணத்தை முடக்கிப் பிடிப்பது கஷ்டம்.

அதனால் பெரிய ஆர்டர் போடும் முன் ஜிஎஸ்டி எண் கேளுங்கள். எண்ணும் எழுத்தும் சேர்ந்து பதினைந்து இருக்கும், தமிழ்நாடு என்றால் 33இல் தொடங்கும். ஜிஎஸ்டி இணையதளத்தில் லாகின் இல்லாமலே அதைப் போட்டுப் பார்த்தால் யார் பெயரில் இருக்கிறது என்று வந்துவிடும். சின்ன வியாபாரிகள் எல்லாரிடமும் இந்த எண் இருக்காது, அது தப்பும் இல்லை. அப்படிப்பட்டவர்களிடம் நேரில் போய் வாங்கிக்கொள்ளலாம்.

அப்புறம் நானும் அண்ணியும் தாராபுரம் வழியாக பஸ் பிடித்து திருப்பூருக்கே போனோம். ரயில் நிலையத்துக்குப் பக்கத்தில் காதர்பேட்டைத் துணிச் சந்தை. ஒவ்வொன்றையும் உள்பக்கம் திருப்பித் தையலைப் பார்த்தோம், கழுத்துப் பட்டியை (ரிப்) இழுத்துவிட்டு பழையபடி சுருங்குகிறதா என்று பார்த்தோம், ஈரக் கைக்குட்டையால் தேய்த்துச் சாயம் பார்த்தோம். 104, 110, 116 என்று லேபிளில் இருந்தால் அது பிள்ளையின் உயரம், சென்டிமீட்டரில். வீட்டுச் சுவரில் அளந்து வைத்திருந்த உயரம் அன்றைக்குத்தான் பயன்பட்டது. பஸ் சார்ஜ் சேர்த்தும் ஒரு உருப்படி நூறு ரூபாயைத் தாண்டவில்லை, ஒன்றுகூடக் கழிவு இல்லை.

அண்ணியும் எதிர்வீட்டு அக்காவும் வேண்டாம் என்றுதான் சொன்னார்கள். இருந்தாலும் என் பேச்சை நம்பிக் கொடுத்த பணம், இரண்டு தவணையாகத் திருப்பிக் கொடுத்து முடித்தேன்.

இதை இப்போது எழுத ஒரு காரணம் இருக்கிறது. அண்ணி இன்னும் அந்த குரூப்பில் இருக்கிறார். போன வாரம் புது லாட் விளம்பரம் வந்திருக்கிறது. டைனோசர் பனியன் படம், அதன் கீழே 'வாடிக்கையாளர் கருத்து' என்று ஒரு வாய்ஸ் நோட். "துணி ரொம்ப நல்லா இருக்குங்க, நம்பி வாங்கலாம்" என்று பேசுவது நான்தான். முதல் ஒரு கிலோவுக்காகச் சொன்னது அது. அந்தக் குரலைக் கேட்டு நீங்கள் பணம் அனுப்பத் தயாராக இருந்தால், அனுப்பாதீர்கள்.