ஐரிஸ் டேட்டாபேஸ்: மொழி ஆராய்ச்சி பண்றவங்க கட்டாயம் பாக்கணும்

ரெண்டாவது மொழி கத்துக்கறது பத்தி பிஎச்டி பண்றீங்களா, முதல்ல ஐரிஸ் (IRIS)ங்கற வெப்சைட்டுக்குப் போங்க, ஆராய்ச்சிக்கு யூஸ் பண்ண டெஸ்ட்டெல்லாம் சேத்து வச்சிருக்கற இடம். 2011ல ஆரம்பிச்சது, இங்கிலாந்து யார்க் யுனிவர்சிட்டியில இருந்து நடத்துறாங்க, முழுக்க ஃப்ரீ. மத்தவங்க யூஸ் பண்ண கேள்வித்தாள், வாக்கியம் சரியா தப்பான்னு கேக்கற டெஸ்ட், படம் பாத்து கதை சொல்ற டாஸ்க் எல்லாம் டவுன்லோட் பண்ணிக்கலாம்.

நான் ஒரு வருஷம் உக்காந்து சொந்தமா டெஸ்ட் தயார் பண்ணி, பைலட்ல, அதாவது முன்னாடி சில பேர்கிட்ட ட்ரையல் பாத்தா, எல்லாரும் ஃபுல் மார்க், யாருக்கு எவ்ளோ தெரியும்னு பிரிச்சுப் பாக்கவே முடியல, ஒண்ணும் தேறல, அழுகையே வந்துடுச்சு. அப்புறம் ஐரிஸ்ல எடுத்த டெஸ்ட்ட வச்சு, அதே டெஸ்ட்ட யூஸ் பண்ண பழைய ஸ்டடியோட ரிசல்ட்டோட நேரா ஒப்பிட முடிஞ்சுது பாருங்க, அதுதான் பெரிய விஷயம்.

உங்க பேப்பர் பப்ளிஷ் ஆனதும் உங்க டெஸ்ட்டையும் அதுல போட்டுடுங்க, இன்னொருத்தருக்கு அந்த ஒரு வருஷம் மிச்சமாகும்.