ஆராய்ச்சி நிதி விண்ணப்பச் சேவை: 5க்கு 2 நட்சத்திரம்

பல்கலைக்கழக ஆராய்ச்சி நிதிக்கு இந்தத் தளம் வழியாக விண்ணப்பித்தேன். படிவம் எளிது, கோப்புகள் தடங்கலின்றி ஏறின; அதுவரை சரி. முடிவு வந்த விதம்தான் மனத்தை அறுக்கிறது. மதிப்பீட்டாளர் ஒருவர் ‘மிகச் சிறப்பு’ என்கிறார், இன்னொருவர் ‘புதுமை இல்லை’ என்கிறார். இரண்டு மதிப்பெண்ணுக்கும் சராசரி போட்டு, நிதி கிடைப்பதற்கான கோட்டுக்குச் சற்றுக் கீழே நிறுத்திவிட்டார்கள். பதில் சொல்ல வாய்ப்பே இல்லை.

அந்தக் கோட்டை ஒட்டி நிற்கும் விண்ணப்பங்களுக்குள் தரம் பிரிப்பது யாராலும் முடியாத காரியம். நியூசிலாந்தின் சுகாதார ஆராய்ச்சி மன்றம் 2013இலேயே ஒரு திட்டத்தில் தகுதி பெற்றவர்களுக்குள் குலுக்கலைக் கொண்டுவந்தது. பிரிட்டனில் கலை, சமூக அறிவியல் ஆய்வுகளுக்கு நிதி தரும் பிரிட்டிஷ் அகாடமி 2022இல் சிறு நிதிகளுக்கு அதைத் தொடங்கியது. இவர்களும் செய்யலாம். அப்புறம், முதல் சுற்றில் இரண்டு பக்கச் சுருக்கம் மட்டும் கேளுங்கள். இளம் ஆய்வாளர்களின் மாதக்கணக்கான உழைப்பு மிச்சமாகும்.