பனியையும் தூசி என்று எண்ணும் மீட்டர்

திருவான்மியூர் வீட்டு பால்கனிக்காக காற்றுத் தூசி காட்டும் சின்ன மீட்டர் ஒன்று வாங்கினேன். கம்பெனி பெயர் வேண்டாம். துகள்கள் லேசர் ஒளியை எவ்வளவு சிதறடிக்கின்றன என்று பார்த்து பிஎம் 2.5 (2.5 மைக்ரான் அல்லது அதற்கும் சின்ன நுண்தூசி) அளவு சொல்லும் வகை.

மதியம் 30, 35 என்று சமர்த்தாக இருக்கும். மார்கழி விடியற்காலையில் 140! தெருவில் ஒரு குப்பைகூட எரியவில்லை. அப்புறம்தான் புரிந்தது. கடல் உப்புத் துகள், காற்றின் ஈரப்பதம் 75 சதவீதத்தைத் தாண்டினால் தண்ணீரைக் குடித்துக் கரைந்து துளியாகிவிடும். காற்று மாசில் இருக்கும் இன்னொரு உப்பான அம்மோனியம் சல்பேட்டுக்கு 80. பருத்த துளி ஒளியை அதிகம் சிதறடிக்கும். மீட்டர் அந்தத் தண்ணீரையும் தூசிக் கணக்கில் எழுதிவிடும். கண்காணிப்பு நிலையங்களின் பெரிய கருவிகள் பலவற்றில் உள்ளே வரும் காற்றைச் சூடாக்கி ஈரத்தைக் குறைத்த பிறகே அளப்பார்கள். இதில் அது கிடையாது. சரி, இந்த விலைக்கு எதிர்பார்க்கவும் முடியாது. ஆனால் அட்டைப்பெட்டியில் ஒரு வரியாவது எச்சரிக்கை போட்டிருக்கலாமே!

போகி அன்று 400ஐத் தாண்டியது. புகை எவ்வளவு, ஈரம் எவ்வளவு என்று நான் கணக்குப் போடுவதற்குள் மனைவி ஜன்னலைச் சாத்திவிட்டாள்.

ஏசி அறைக்குள் ஒழுங்காக வேலை செய்கிறது, சாம்பிராணி போட்டால் உடனே கத்துகிறது. பால்கனிக்கு வாங்காதீர்கள். 5க்கு 3.