கேம்பிரிட்ஜில் 'எல்லாம் அடங்கிய' சீட்டு: 174 பவுண்டு கொடுத்து நான் கற்றது

கடந்த மே மாதம் ஊரிலிருந்து வந்திருந்த அப்பாவையும் அம்மாவையும் லண்டனிலிருந்து கேம்பிரிட்ஜுக்கு ஒரு நாள் அழைத்துச் சென்றேன். அதற்காக இணைய விளம்பரம் ஒன்றைப் பார்த்து முன்பதிவு செய்த சுற்றுலாச் சீட்டில் ஏமாந்துபோன விவரத்தை, இந்தக் கோடையில் பெற்றோரை அழைத்துக்கொண்டு அங்கே போக நினைப்பவர்களுக்காக எழுதுகிறேன். நிறுவனத்தின் பெயரைக் குறிப்பிடவில்லை. பணம் தொடர்பான தகராறு இன்னும் முடியவில்லை என்பது ஒரு காரணம், இதே சரக்கை வேறு பெயர்களிலும் விற்கிறார்கள் என்பது இன்னொரு காரணம்.

அப்பா முப்பது ஆண்டுகளுக்கு மேல் பள்ளியில் கணக்கு வாத்தியாராக இருந்தவர். இங்கிலாந்தில் அவர் பார்க்க விரும்பியது அரண்மனையையோ பெரிய கடிகாரத்தையோ அல்ல, இராமானுஜன் 1914-இல் வந்து சேர்ந்து, 1918-இல் ஃபெலோவாக, அதாவது கல்லூரியின் ஆய்வு உறுப்பினராக, தேர்ந்தெடுக்கப்பட்ட டிரினிட்டி கல்லூரியைத்தான். அவருக்கு வயது எழுபத்தொன்று, இடது முழங்காலில் வலி. ஆகவே, ஆளுக்கு 58 பவுண்டு என்று போட்டிருந்த அந்தச் சீட்டில் 'ரயில் நிலையத்திலிருந்து கல்லூரிகளுக்கு வாகன வசதி, வழிகாட்டியுடன் கல்லூரி விஜயம், கேம் ஆற்றில் தனிப்படகு' என்று வாசித்தவுடன், நடக்க வைக்காமல் எல்லாவற்றையும் காட்டிவிடலாம் என்ற ஆசையில் மூன்று பேருக்குப் பணம் கட்டிவிட்டேன். அந்த மூன்று வாக்குறுதிகளில் ஒன்றுகூட நான் புரிந்துகொண்ட பொருளில் இருக்கவில்லை என்பது அன்று மாலைக்குள் தெரிந்துவிட்டது.

முதலில் வாகனம். லண்டன் கிங்ஸ் கிராஸ் நிலையத்திலிருந்து விரைவு ரயிலில் ஏறினால் சுமார் ஐம்பது நிமிடத்தில் கேம்பிரிட்ஜ் வந்துவிடும். ஆனால் அங்கே ரயில் நிலையம் ஊர் நடுவில் இல்லை. சந்தைச் சதுக்கத்திலிருந்து ஏறக்குறைய இரண்டு கிலோமீட்டர் தள்ளித் தென்கிழக்கில் இருக்கிறது. இந்த ஒரு தகவலை வைத்துத்தான் இத்தகைய சீட்டுகளை விற்கிறார்கள். நிலைய வாசலிலேயே நகர மையத்துக்குப் பேருந்து கிடைக்கும், கால் நன்றாக இருப்பவர் இருபத்தைந்து நிமிடத்தில் நடந்தே போய்விடலாம் என்பதை அவர்கள் பக்கத்தில் எங்கேயும் காணவில்லை. நாங்கள் பேருந்துகள் வந்து போவதைப் பார்த்துக்கொண்டே முப்பத்தைந்து நிமிடம் வேனுக்காக நின்றோம். வந்த வேனும் ஊரைச் சுற்றிக்கொண்டு போய், கல்லூரிகளின் பின்புறம் ஆற்றுக்கு மேற்கே ஓடும் குவீன்ஸ் ரோட்டில் எங்களை இறக்கிவிட்டது. "உள்ளே வண்டி போகாது, இனி நடைதான்" என்றார் ஓட்டுநர். கல்லூரி வாசல்கள் இருக்கும் கிங்ஸ் பரேடு தெருவில் பகல் நேரத்தில் வாகனங்களை விடுவதில்லை என்பது உண்மைதான். அது தெரிந்தே 'கல்லூரிகளுக்கு வாகன வசதி' என்று எழுதியவர்களைத்தான் நான் குறை சொல்கிறேன். பேருந்தில் போயிருந்தால் அப்பா நடந்திருக்கக்கூடிய தூரத்தைவிட, வேனில் போனதால் நடந்த தூரம் குறைவில்லை.

அடுத்தது வழிகாட்டி. கல்லூரி மாணவர் வயதுடைய பையன், மரியாதையாகத்தான் பேசினார். சில்வர் ஸ்ட்ரீட் பாலத்தில் நின்று, குவீன்ஸ் கல்லூரியின் மரப்பாலத்தைக் காட்டி, அதை நியூட்டன் ஓர் ஆணிகூட இல்லாமல் கட்டினார் என்றார். அப்பா என் காதருகே குனிந்து, "1727-ல போய்ச் சேர்ந்தவர் 1749-ல எப்படிப்பா பாலம் கட்டுவார்?" என்று கேட்டார். அந்தக் கதை அந்த ஊரில் வெகுநாளாக உலவும் பழங்கதை. போல்ட்டுகளும் நட்டுகளும் கண்ணுக்கே தெரிகின்றன. அதை நான் பெரிதாக எடுத்துக்கொள்ளவில்லை. ஆனால் கிங்ஸ் கல்லூரி வாசலில் நிற்காமல் நடந்து, அடுத்த கல்லூரியையும் அப்படியே கடந்தபோதுதான் "உள்ளே எப்போது போகிறோம்?" என்று கேட்டேன். தேர்வுக் காலம், பல கல்லூரிகள் பார்வையாளர்களை விடுவதில்லை, சீட்டில் உள்ள 'விஜயம்' என்பது வெளியிலிருந்து பார்ப்பதைத்தான் குறிக்கும் என்று அவர் தயக்கத்துடன் சொன்னார்.

கேம்பிரிட்ஜைப் பற்றி நம்மில் பலருக்குத் தெரியாதது இதுதான். 'பல்கலைக்கழகம்' என்று ஒரு வளாகமோ ஒரு பெரிய வாசலோ அங்கே இல்லை. முப்பத்தோரு கல்லூரிகள் இருக்கின்றன; ஒவ்வொன்றும் தன் கதவை எப்போது திறப்பது, யாரை விடுவது, எவ்வளவு கட்டணம் என்பதைத் தானே முடிவு செய்கிறது. ஏப்ரல் நடுப்பகுதியிலிருந்து ஜூன் வரை தேர்வுகளுக்காகப் பல கல்லூரிகள் மூடிக்கொள்வது ஆண்டுதோறும் நடப்பது. நுழைவு விற்பவர் இதை அறியாமல் இருக்க வாய்ப்பே இல்லை. கிங்ஸ் கல்லூரி தேவாலயத்துக்கு, அதாவது 1446-இல் தொடங்கி 1515 வரை கட்டிய, விசிறி விரித்தாற்போன்ற கல் விதானம் உள்ள அந்தக் கட்டடத்துக்கு, கல்லூரியே நேரடியாகச் சீட்டு விற்கிறது. போகும் நாளில் திறந்திருக்கிறதா என்று அந்தந்தக் கல்லூரியின் பக்கத்தில் பார்ப்பதைவிட நம்பகமான வழி வேறில்லை.

டிரினிட்டியின் பெரிய வாசலில் எட்டாம் ஹென்றியின் சிலை கையில் செங்கோலுக்குப் பதிலாக நாற்காலிக்கால் இருப்பதைக் காட்டிவிட்டு வழிகாட்டி நகரப் பார்த்தார். இராமானுஜனைப் பற்றிக் கேட்டால், "ஆமாம், இங்கேதான் இருந்தார்" என்பதற்கு மேல் ஒரு சொல் இல்லை. அப்பாதான் திரும்பி, தெருவுக்கு எதிர்ப்புறம் இருந்த கட்டடத்தைக் காட்டி, அது டிரினிட்டியைச் சேர்ந்த ஹியூயெல்ஸ் கோர்ட், இராமானுஜன் வந்த புதிதில் குடியிருந்த அறை அதற்குள்தான் என்று எங்களுக்குச் சொன்னார். நான் 58 பவுண்டு கொடுத்து அமர்த்திய வழிகாட்டியும் அதைக் கவனமாகக் கேட்டுக்கொண்டார்.

படகுதான் உச்சம். துடுப்பில்லாமல், பின்முனையில் ஏறி நின்று நீளக் கழியை ஆற்றடியில் ஊன்றித் தள்ளும் தட்டைப் படகுக்கு அங்கே 'பன்ட்' என்று பெயர். படகுத்துறையில் இருந்தவர் எங்கள் சீட்டைப் பார்த்துவிட்டு, என்னைவிட உயரமான கழி ஒன்றைக் கொண்டுவந்து என் கையிலேயே கொடுத்தார். 'தனிப்படகு' என்றால் படகோட்டி இல்லாத படகு! நாமே தள்ளிக்கொள்ள வேண்டும். அவர் மேல் குற்றமில்லை. அவருக்கு வந்த பதிவு அப்படித்தான். "கழி சேற்றில் மாட்டினால் இழுக்காதீர்கள், விட்டுவிடுங்கள், பிடித்துக்கொண்டால் படகு போய்விடும், நீங்கள் கழியோடு நிற்பீர்கள்" என்று ஒரே ஓர் அறிவுரை சொன்னார். அரை மணி நேரத்தில் இரண்டு முறை கரையில் மோதி, ஒரு முறை அடுத்த படகின் குறுக்கே போய், கிங்ஸ் பாலத்தை எட்டுவதற்குள் அம்மா பயத்தில் புடவைத் தலைப்பைப் பற்றிக்கொண்டு, "போதும்டா, கரைக்கு விடு" என்று சொல்லிவிட்டார். படகோட்டியுடன் கூடிய பொதுச் சவாரியில் மூவரும் நிம்மதியாக உட்கார்ந்து வந்திருக்கலாம். அதையும் தெருவில் வழிமறித்து விற்பவர்களிடம் வாங்க வேண்டாம். நகர மையத் தெருக்களில் படகுக்கு ஆள் பிடிப்பதைக் கட்டுப்படுத்த நகர மன்றம் 2016-இலேயே ஆணை போட வேண்டியிருந்தது என்பதிலிருந்தே அந்தத் தொல்லையைப் புரிந்துகொள்ளலாம். நேரே துறைக்குப் போய், படகோட்டி உண்டா, எந்தப் பக்கம் போகும், எவ்வளவு நேரம் என்று கேட்டுவிட்டுப் பணம் கொடுங்கள். சில்வர் ஸ்ட்ரீட்டிலிருந்து கிரான்ட்செஸ்டர் கிராமத்துப் பக்கம் போகும் மேலாற்றில் புல்வெளிதான் வரும், கல்லூரிகள் வராது.

திரும்பும் வேனுக்கு நாங்கள் காத்திருக்கவில்லை. டிரினிட்டிக்குத் தெற்கே காரெட் ஹாஸ்டல் லேன் என்று ஒரு சந்து ஆற்றை நோக்கி இறங்குகிறது. அது பொதுவழி, கட்டணம் கிடையாது. அதன் முடிவிலுள்ள பாலத்தில் நின்றால் ஒரு பக்கம் 1640-இல் கட்டி முடித்த கிளேர் பாலம், மறுபக்கம் டிரினிட்டி பாலம், கீழே படகுகள். அப்பா கைப்பிடிச் சுவரில் சாய்ந்து நெடுநேரம் நின்றார். கிங்ஸ் பரேடு, டிரினிட்டி ஸ்ட்ரீட், செயின்ட் ஜான்ஸ் ஸ்ட்ரீட் மூன்றும் பெயர் மாறிக்கொண்டே போகும் ஒரே தெருதான், நிதானமாகப் பத்து நிமிட நடை, என்பதை அவர் அதற்குள் கணக்குப் போட்டிருந்தார். "இதுக்கா வண்டி?" என்று மட்டும் கேட்டார். மையத்திலிருந்து பேருந்து பிடித்து நிலையம் வந்தோம்.

நிறுவனத்துக்கு நான் எழுதிய புகாருக்கு, 'விஜயம் என்பது உள்நுழைவை உறுதி செய்வதில்லை' என்ற நிபந்தனை வரியை ஒட்டிப் பதில் வந்தது. அட்டை கொடுத்த வங்கியிடம் விளம்பரப் பக்கத்தின் படத்தையும் படகுத்துறையில் வாங்கிய பதிவுச் சீட்டையும் சேர்த்துக் கொடுத்தேன். ஆறு வாரம் கழித்து 60 பவுண்டு கணக்கில் திரும்ப வந்திருக்கிறது. மீதி 114 பவுண்டுக்கு நிறுவனத்துக்கு அனுப்பிய இரண்டாவது கடிதத்துக்கு இன்னும் பதில் இல்லை.