கோச், நண்பன், சுவர்: கல்லூரியில் டென்னிஸ் பழக எது சரி?

கல்லூரிக்கு வந்த பிறகுதான் டென்னிஸ் ராக்கெட்டைத் தொடுகிறீர்கள் என்றால் மூன்று வழிகள் உண்டு. கோச்சிடம் சேரலாம், ஹாஸ்டல் நண்பனோடு கோர்ட்டில் இறங்கலாம், தனியாகச் சுவரில் அடித்துப் பழகலாம். மூன்றையும் செய்து பார்த்தேன், ஆனால் தப்பான வரிசையில்.

முதலில் நண்பன். செலவே இல்லை, சிரிப்புக்கும் பஞ்சமில்லை. ஆனால் இருவரும் புதியவர்கள் என்றால் ஒரு மணி நேரத்தில் முக்கால்வாசி பந்து பொறுக்கவே போய்விடும். நான் கிரிக்கெட் பழக்கத்தில் எல்லாவற்றையும் சிக்ஸருக்குத் தூக்கினேன். அவன் ஷட்டில் ஆடியவன், மணிக்கட்டைச் சொடுக்கியே அடிப்பான். ஷட்டில் பேட் 100 கிராம்கூட இருக்காது. டென்னிஸ் ராக்கெட் ஏறக்குறைய 300 கிராம். பத்தே நாளில் அவனுக்குக் கை வலி. வேலி தாண்டிப் போன பந்துகள் வெளியே கிரிக்கெட் ஆடுகிறவர்களுக்குச் சொந்தமாகிவிட்டன. இந்த வழிதான் என்றால், கோர்ட்டின் இரு கோடிகளிலும் நிற்காதீர்கள். நெட்டிலிருந்து 21 அடியில் உள்ள சர்வீஸ் கோட்டில் ஆளுக்கொரு பக்கம் நின்று மெதுவாகத் தட்டுங்கள். பச்சைப் புள்ளி போட்ட பந்து கிடைத்தால் இன்னும் நல்லது, சாதாரணப் பந்தைவிட அது 25% வேகம் குறைவு.

அடுத்தது சுவர். நெட்டின் நடு உயரம் 3 அடி. சுவரில் அந்த உயரத்தில் சாக்பீஸால் கோடு போட்டு, அதற்கு மேலே அடித்துக்கொண்டே இருந்தேன். அரை மணி நேரத்தில் இத்தனை பந்து அடிக்க வேறெங்கும் முடியாது. ஒரே சிக்கல், பந்து சட்டென்று திரும்பி வருவதால் கையை முழுதாகச் சுழற்ற நேரமிருக்காது. கொஞ்சம் பின்னால் தள்ளி நின்று, இரண்டு முறை எகிற விட்டு அடித்தால் சரியாகிவிடும். ஆனால் பிடி தப்பு என்று சுவர் சொல்லாதே! இரண்டு மாதம் தோசைக்கரண்டியைப் பிடிப்பதுபோல் பிடித்து அடித்தேன். ஃபோர்ஹேண்ட், அதாவது உள்ளங்கை முன்னால் வர அடிக்கிற அடி, ஓரளவு வந்தது. ஆட்டத்தைத் தொடங்கும் அடியான சர்வ் மட்டும் வரவே இல்லை.

பிடிதான் தப்பு என்று பார்த்த உடனே கண்டுபிடித்தவர் கோச். "சுத்தியலைப் பிடிக்கிற மாதிரி பிடிப்பா" என்றார். அதுதான் கான்டினென்டல் பிடி. அன்று மாலையே பத்தில் நான்கு சர்வ் கட்டத்துக்குள் விழுந்தது. ஆனால் கோச்சிங்கிலும் குறை உண்டு. எட்டுப் பேர் வரிசையில் நின்றால் உங்கள் முறைக்கு நாலு பந்துதான், அப்புறம் மறுபடி வரிசை. அதற்கே காலை ஆறு மணிக்கு எழ வேண்டும்.

என்னைக் கேட்டால் ஒரு மாதக் கட்டணம் போதும். அந்த மாதத்தில் பிடியையும் சர்வையும் மட்டும் கற்றுக்கொண்டு சுவருக்கு வந்துவிடுங்கள். பத்துப் பந்து தொடர்ந்து போகும் அளவுக்குக் கை வந்த பிறகு நண்பனைக் கூப்பிடலாம். ராக்கெட் வாங்க அவசரம் வேண்டாம், பி.டி. சாரிடம் கேட்டால் ஸ்டோர் ரூமில் பழையது ஒன்றாவது இருக்கும். ஷூ விஷயத்தில் மட்டும் கஞ்சத்தனம் வேண்டாம். ஓடுகிற ஷூவோடு பக்கவாட்டில் பாய்ந்துதான் என் கணுக்கால் ஒரு வாரம் வீங்கிக் கிடந்தது.